மொண்டிசோரி என்பது ஒரு பெண்ணின் பெயர்

நேர்சரி, பாலர் பாடசாலை, முன்பள்ளி என்று எத்தனை சொற்கள் இருந்தாலும் எங்கள் ஊர்களில் மூன்று வயதுப் பிள்ளை போகும் இடத்துக்குப் பலர் வைத்திருக்கும் பெயர் மொண்டிசோரிதான். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் வெள்ளவத்தையிலும் பெயர்ப்பலகைகளில் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். அது ஓர் இத்தாலியப் பெண்ணின் குடும்பப் பெயர். அவர் ஒரு மருத்துவர். அவர் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் வாழ்ந்தார், கொழும்புக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இவற்றை அறிந்தவர்கள் குறைவு.

கல்வி தொடர்பான கட்டுரைகளுக்காக நான் பல முன்பள்ளிகளுக்குப் போய் வந்திருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் கண்டது ஏறக்குறைய ஒரே காட்சி. நான்கு வயதுப் பிள்ளைகள் வரிசையாக இருந்து கொப்பியில் எழுத்து எழுதுகிறார்கள். வெளியே வேப்பமரம் நிற்கிறது, அதன் கீழ் எறும்புப் புற்றும் மழை விட்ட ஈர மண்ணும் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கே போவதில்லை. சீருடை ஊத்தையாகிவிடும் என்பது ஒரு காரணம். அ, ஆ முடித்துவிட்டார்களா என்று பெற்றோர் கேட்பார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மரியா மொண்டிசோரியின் வாழ்க்கையை நான் தேடி வாசித்தது இந்த முரண்பாட்டினால்தான். சின்னப் பிள்ளைக்கு முதல் தேவை தொட்டுப் பார்க்க ஒரு பொருளும், தண்ணீர் ஊற்ற ஒரு செடியும், குறுக்கே நிற்காத ஒரு பெரியவரும் என்று சொன்னவர் அவர். அவருடைய பெயர் எங்களிடம் வந்து சேர்ந்தது. அந்தச் செடி எங்கே தவறிப்போனது?

பிணவறையில் தனியாக ஒரு மாணவி

மரியா 1870 ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் அங்கோனாவுக்கு அருகே கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசாங்க நிதித்துறை உத்தியோகத்தர். தாய் ரெனில்டே வாசிப்பில் ஊறியவர், மகளின் ஆசைகளுக்குத் துணை நின்றவர். மரியாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்தது.

பெண் பிள்ளை கூடப்போனால் ஆசிரியை ஆகலாம் என்று இருந்த காலம் அது. மரியா பதின்மூன்று வயதில் ஆண்கள் படிக்கும் தொழில்நுட்பப் பாடசாலையில் சேர்ந்தார். பொறியியலாளராக வர நினைத்தவர் பின்பு மருத்துவத்துக்கு மாறினார். ரோம் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் இயற்கை விஞ்ஞானம் படித்தார். தாவரவியல், விலங்கியல், பௌதிகம், இரசாயனம் எல்லாம் அதில் அடங்கும். அவருடைய பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு ஆண்டுகளும் முக்கியம். பார், குறித்துக்கொள், பிறகு முடிவுக்கு வா என்ற பழக்கம் அவருக்குள் ஊறியது இங்கேதான்.

மருத்துவ பீடத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிப்பது ஒழுக்கக் கேடு என்று கருதப்பட்டது. அதனால் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பிணவறையில் தனியாக நின்று அவர் அந்தப் பயிற்சிகளைச் செய்தார். நாற்றத்தைத் தாங்குவதற்காகப் புகைபிடித்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1896இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரானார். அதே ஆண்டு பேர்லினில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டில், ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும் என்று பேசினார்.

ரொட்டித் துணுக்குகள்

பட்டம் பெற்ற கையோடு ரோமின் மனநல மருத்துவப் பிரிவில் தொண்டராகச் சேர்ந்தார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட சிறுவர்களை அக்காலத்தில் பெரியவர்களோடு சேர்த்து மனநல விடுதிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். வெறுமையான ஓர் அறையில், சாப்பாடு முடிந்த பின் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைச் சிறுவர்கள் பொறுக்கி உருட்டுவதை அவர் கண்டார். பசியில் அலைகிறார்கள் என்று பராமரிப்பவர்கள் அருவருத்தார்களாம். மரியாவுக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. அந்த அறையில் பிள்ளைகள் தொடுவதற்கு வேறு ஒரு பொருளும் இருக்கவில்லை. பசித்தது வயிறு அல்ல, கை.

இந்த எண்ணத்தோடு பழைய நூல்களைத் தேடினார். பிரான்சில் நூறு ஆண்டுகளுக்கு முன் காட்டில் தனியாக வளர்ந்து பிடிபட்ட அவெரோன் சிறுவனுக்குக் கல்வி கொடுக்க முயன்ற மருத்துவர் இத்தார், அவருடைய மாணவர் செகுவன் ஆகிய இருவரின் எழுத்துகளையும் கையால் பிரதி எடுத்துப் படித்தார். தொடுதல், நிறுத்துப் பார்த்தல், பொருத்துதல் என்று புலன்களின் வழியே அறிவைத் திறக்கும் முறை அவர்களிடமிருந்து கிடைத்தது. 1900இல் ரோமில் இத்தகைய பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தை மரியா இணைந்து நடத்தினார். அங்கே படித்த சில பிள்ளைகள் சாதாரணப் பாடசாலைப் பரீட்சையில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகச் சித்தியடைந்தார்கள். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவரோ, ஒரு குறையும் இல்லாத பிள்ளைகளைப் பாடசாலைகள் எவ்வளவு தூரம் அமுக்கி வைத்திருந்தால் இவர்கள் சமமாக வர முடியும் என்று யோசித்தார்.

இந்த வெற்றிக்குப் பின்னால் வெளியே சொல்ல முடியாத ஒரு துயரமும் இருந்தது. கூட வேலை செய்த மருத்துவர் மொந்தெசானோவுக்கும் அவருக்கும் 1898இல் மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. திருமணமாகாத தாய் என்று தெரிந்தால் அவருடைய தொழில் அன்றோடு முடிந்திருக்கும். குழந்தை கிராமத்தில் ஒரு செவிலித்தாயிடம் வளர்ந்தது. உலகப் பிள்ளைகளின் கல்வியைப் பேசியவர் தன் சொந்தப் பிள்ளையை ஒரு விருந்தாளியைப் போலத்தான் போய்ப் பார்க்க முடிந்தது. தன் தாய் இறந்த பிறகு, மாரியோவுக்குப் பதினைந்து வயதாகும் சமயத்தில்தான் அவனைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். அதன் பின்னும் பல ஆண்டுகள் வெளியாருக்கு அவன் உறவுக்காரப் பையனாகவோ வளர்ப்பு மகனாகவோதான் இருந்தான்.

சான் லொரென்சோ

ரோமின் சான் லொரென்சோ அந்நாளில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு கட்டட நிறுவனம் பாழடைந்த தொடர்மாடிகளைத் திருத்திக் குடும்பங்களைக் குடியேற்றியது. தாயும் தகப்பனும் கூலிக்குப் போய்விட, பாடசாலைக்குப் போகும் வயதை எட்டாத சிறுவர்கள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பாழாக்கினார்கள். சுவருக்குத் திரும்பத் திரும்ப வெள்ளையடிப்பதைவிட, பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது இலாபம் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. பொறுப்பு மரியாவிடம் வந்தது. 1907 ஜனவரி 6ஆம் திகதி, மார்சி வீதி 58ஆம் இலக்கத்தில் முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. உலகத்தின் முதல் மொண்டிசோரி அதுதான். அது வசதியானவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்படவில்லை.

வந்தவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பொறுப்பாக இருந்தவர் முறையான ஆசிரியர் பயிற்சி பெறாத ஓர் இளம் பெண். மரியா அவருக்குச் சொல்லிக்கொடுத்தது கற்பிக்கும் முறைகளை அல்ல. பொருட்களை எப்படி முன்வைப்பது, பின்பு எப்படி ஒதுங்கி நின்று கவனிப்பது என்பதையே சொல்லிக்கொடுத்தார்.

அங்கே நடந்தவற்றை அவர் ஆய்வுகூடக் குறிப்பைப் போல எழுதி வைத்தார். மூன்று வயது மட்டிலான ஒரு சிறுமி, வெவ்வேறு பருமனுள்ள மர உருளைகளை அவற்றுக்குரிய துளைகளில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிப் பாட்டுப் பாட வைத்தார் மரியா. சிறுமி இருந்த கதிரையை அப்படியே தூக்கி மேசையில் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கும் மேல் செய்த பிறகு, தூங்கி எழுந்தவளைப் போல முகம் தெளிந்து நிறுத்தினாள். சின்னப் பிள்ளைக்குக் கவனம் நிற்காது என்ற நம்பிக்கை மரியாவிடம் உடைந்தது அந்த மேசைக்கு முன்னால்தான்.

இன்னொரு நாள் ஆசிரியை அலுமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். அவர் வருவதற்குள் பிள்ளைகள் தாங்களே பொருட்களை எடுத்து வேலை தொடங்கியிருந்தார்கள். அது களவு என்று ஆசிரியை நினைத்தார். தங்களுக்கு எது வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிகிறது என்று மரியா நினைத்தார். அதன் பிறகு பெரிய அலுமாரி போய், பிள்ளையின் கைக்கு எட்டும் தாழ்ந்த தட்டுகள் வந்தன.

உலகம் பார்த்ததும் பார்க்காததும்

அந்த ஆண்டு முடிவதற்குள் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அரத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகியதும், உருளைகளின் சிறு குமிழைப் பல மாதங்கள் மூன்று விரலால் பிடித்துப் பழகியதும் அதற்கு அடித்தளம். செய்தி பரவியது. பல நாடுகளிலிருந்தும் பார்வையாளர்கள் வந்தார்கள். நான்கு வயதில் எழுதும் பிள்ளை என்பதே பேச்சாகிவிட்டது. எங்கள் பெற்றோர் இன்றைக்கும் கேட்பது அந்த எழுத்தைத்தான்.

1909இல் வெளிவந்த அவருடைய முதல் பெரிய நூலில் இயற்கைக்கும் பயிர் வளர்ப்புக்கும் என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதை அவர் அவெரோன் சிறுவனோடு தொடங்குகிறார். அவன் மழையையும் பனியையும் நிலவையும் கண்டு மகிழ்ந்தவன். அவனுக்கு நாகரிகம் பழக்கிய இத்தார் அந்த மகிழ்ச்சியிலிருந்து அவனைப் பிரிக்க வேண்டியிருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் நாங்கள் இதையேதான் செய்கிறோம் என்பது மரியாவின் கவலை. ஆகவே கல்வி அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றார்.

அவர் சொன்ன வழி எளிமையானது. பிள்ளை ஓர் உயிரை வளர்க்கட்டும். முதலில் அது கவனிக்கப் பழகும். பிறகு, தான் தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும், தீன் வைக்காவிட்டால் கோழி பட்டினி கிடக்கும் என்று முன்கூட்டியே நினைக்கப் பழகும். அதை யாரும் அதட்டிச் சொல்ல வேண்டியதில்லை, செடியே சொல்லிவிடும். மூன்றாவதாக, விதை போட்டவுடன் காய் வராது என்பதால் பொறுமை வரும். கடைசியில், தன்னால் உயிர் வாழும் ஒன்றின் மேல் அன்பு வரும். விஞ்ஞானமும் ஒழுக்கமும் அவருக்கு இரண்டு பாடங்கள் அல்ல. ஒரே தண்ணீர் வாளிக்குள் இரண்டும் இருந்தன.

நிலம் இல்லையே என்ற சாட்டும் அவரிடம் எடுபடவில்லை. ரோமின் இல்லங்களில் தோட்டம் வைக்க இடம் இல்லாதபோது மேல்தளத்தைச் சுற்றிப் பூச்சட்டிகளை அடுக்கினார்கள். பிள்ளைகள் சின்னஞ்சிறு வாளிகளால் தண்ணீர் ஊற்ற ஒரு நாளும் மறக்கவில்லை என்று எழுதுகிறார். ஒரு காலையில் அவர் போனபோது பிள்ளைகள் எல்லோரும் தரையில் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். நடுவில் இரவு மலர்ந்த ஒரு சிவப்பு ரோசா. ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் பறிக்கவில்லை. மிலானில் இருந்த இல்லமொன்றில் ஒரு சோடி வெள்ளைக் கோழிகளை வளர்த்தார்கள். காலையில் கூட்டைத் திறப்பது, தண்ணீரும் வைக்கோலும் வைப்பது, மாலையில் பூட்டுவது எல்லாம் பிள்ளைகள் முறை வைத்துச் செய்த வேலைகள்.

பின்னாளில் அவர் இன்னும் துணிந்து எழுதினார். மழை பெய்யும்போது பிள்ளையை வெளியே ஓட விடுங்கள், குட்டைத் தண்ணீரைக் கண்டால் செருப்பைக் கழற்றி இறங்கட்டும் என்றார். விதைப்பதைவிட அறுவடை செய்வதுதான் பிள்ளைகளை அதிகம் இழுக்கிறது என்பதும் அவர் கவனித்துச் சொன்னது. கீரை ஆய்வதும் முருங்கைக்காய் பொறுக்குவதும் பார்த்த எங்களுக்கு இது புதிதல்ல.

பொருள் திருத்தும், ஆசிரியர் பொறுத்திருப்பார்

அவருடைய முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆசிரியர் பிழை சொல்லக்கூடாது, பொருளே பிழையைக் காட்ட வேண்டும். தவறான துளையில் போட்ட உருளை ஒன்றில் உள்ளே ஆடும், அல்லது வெளியே துருத்தும். பிள்ளை தானே கண்டுபிடித்து மாற்றும். ஊகித்தல், செய்து பார்த்தல், பிழைத்தல், திருத்தல் என்று பெரிய ஆய்வுகூடத்தில் நடப்பதுதான் அந்தச் சின்னப் பாயிலும் நடக்கிறது.

மற்றப் பொருட்களும் இப்படித்தான். ஒரே அளவும் வெவ்வேறு பாரமும் கொண்ட பலகைத் துண்டுகளைக் கண்ணை மூடிக் கையில் நிறுத்துப் பார்க்க வேண்டும். குலுக்கினால் வெவ்வேறு ஓசை தரும் குழல்களில் ஒத்த சோடியைத் தேட வேண்டும். மொண்டிசோரி வகுப்புகளில் இருக்கும் பூகோள உருண்டையில் நிலம் அரத்தாளால் சொரசொரப்பாக இருக்கும், கடல் வழவழப்பாக இருக்கும். இரண்டு தட்டுகளும் உண்டு. ஒன்றில் நடுவே மேடு, மற்றதில் நடுவே பள்ளம். தண்ணீர் ஊற்றினால் முதலாவது தீவு, இரண்டாவது குளம். தீவில் பிறந்து குளங்களுக்கிடையே வளரும் வன்னிப் பிள்ளைக்கு இதைவிட நல்ல புவியியல் பாடம் என்ன இருக்கிறது?

பெயர் சொல்லிக்கொடுப்பதற்குச் செகுவனிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட மூன்று படிகள் உள்ளன. இலைகளை வைத்தே அதைச் செய்யலாம். இரண்டு இலைகளைக் கொடுத்து இது பூவரசு, இது வேம்பு என்று சொல்வது முதல் படி. வேம்பைத் தா என்று கேட்பது இரண்டாவது. ஒன்றைக் காட்டி இது என்ன என்று கேட்பது மூன்றாவது. மூன்றாவதில் பிள்ளை தடுமாறினால் அதட்டக்கூடாது, திருத்தவும் கூடாது. இன்றைக்கு அந்தப் பிள்ளை அதற்கு ஆயத்தமில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் தொடர வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. செலவாவது பெரியவரின் பொறுமை.

சீருடை போட்ட பிள்ளைகள்

புகழ் அவரை அமெரிக்காவுக்கும் பார்சிலோனாவுக்கும் இலண்டனுக்கும் கொண்டுபோனது. 1924 முதல் முசோலினியின் அரசு அவருடைய பாடசாலைகளுக்கு ஆதரவளித்தது. மரியா அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார், பத்து ஆண்டுகள் அளவில் அந்த அரசோடு ஒத்துப்போனார். அவருடைய வாழ்க்கையில் நியாயப்படுத்தக் கடினமான பகுதி இது. பாடசாலை பிழைத்தால் போதும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் சொந்தமாக யோசிக்கும் பிள்ளையும் கட்டளைக்கு அணிவகுக்கும் பிள்ளையும் ஒரே வகுப்பறையில் நெடுநாள் இருக்க முடியாது. பாசிச அரசு பாடசாலைகளைத் தன் பிடிக்குள் இறுக்க, முறிவு வந்தது. 1934இல் அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார். அங்கே அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. ஜேர்மனியில் ஹிட்லரின் ஆட்சியும் அவற்றை மூடியது. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடிக்க, பார்சிலோனாவிலிருந்தும் வெளியேறி நெதர்லாந்தில் தங்கினார்.

முன்பள்ளியை அதிகாரம் ஏன் தேடி வருகிறது என்பது எங்களுக்கு விளங்காத விடயமல்ல. போர் முடிந்த பின் வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகள் பலர் பாதுகாப்புத் துறையின் சம்பளப் பட்டியலில் இருந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். சம்பளம் தேவைப்பட்ட அந்தப் பெண்களில் குறை காண்பதற்கு ஒன்றும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளையின் காலைப்பொழுது யாருடைய கையில் இருக்கிறது என்பது சின்னக் கேள்வி அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அடையாறு, கொடைக்கானல், கொழும்பு

1939இல், அறுபத்தொன்பது வயதில், சென்னை அடையாறிலிருந்த பிரம்மஞான சபையின் அழைப்பில் மாரியோவோடு இந்தியா வந்தார். சபைத் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலும் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவியும் அவரை வரவேற்றார்கள். முதலாவது பயிற்சி நெறிக்கு ஏறத்தாழ முந்நூறு பேர் வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பிரித்தானிய ஆட்சிக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை அஹமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மரியா அடையாறு வளவை விட்டு வெளியே போகக்கூடாது என்று கட்டளை. அந்த ஓகஸ்டில் அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு, இந்தியாவின் வைஸ்ரோய் மகனை விடுவித்துத் தாயிடம் அனுப்பினார். அந்த அறிவிப்பில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் வெளியே சொல்ல முடியாத சொல்லைக் காவலில் வைத்தவர்களே எழுதிக் கொடுத்தார்கள்.

பின்னர் அவர்கள் கொடைக்கானல் மலையில் தங்க அனுமதிக்கப்பட்டார்கள். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சின்னப் பாடசாலை உருவானது. அதில் கூட நின்று உழைத்தவர்களில் ஒருவர் இலங்கையரான லீனா விக்கிரமரத்ன. காடும் ஏரியும் பாசியும் பூச்சியும் வாசலுக்கு வெளியே இருந்தன. பிள்ளைகள் கொண்டுவந்தவற்றைப் பார்த்து, பிரித்து, பெயரிட்டு வைத்தார்கள். மண், நீர், செடி, பூச்சி, மனிதர் எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, ஒவ்வோர் உயிரும் மற்றவற்றுக்கு ஒரு வேலை செய்கிறது என்ற சிந்தனை அங்கே ஒரு கல்வித் திட்டமாக வளர்ந்தது. ஊரில் போர், தாய்நாட்டில் அவருடைய பாடசாலைகள் இல்லை, கையில் பயணம் போகும் உரிமை இல்லை. அந்த நிலையில் எழுபது வயது கடந்த ஒருவர் பிள்ளைகளோடு இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

1944இல் அவர் இலங்கைக்கு வந்து ஒரு பயிற்சி நெறியை நடத்தினார். எங்கள் பெயர்ப்பலகைகளில் அவருடைய பெயர் இருப்பதற்கு அதுவும் ஒரு வேர். போருக்குப் பின் ஐரோப்பா போனவர் 1947இல் மறுபடியும் இந்தியா வந்தார். அவருடைய முக்கிய நூல்கள் சில முதலில் ஆங்கிலத்தில் அச்சானது சென்னையில். 1949 முதல் மூன்று ஆண்டுகள் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவருடைய பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை.

எங்கள் வளவு மண்

மரியாவின் முறைக்கு எதிர்ப்புகளும் உண்டு. கற்பனைக் கதைகளுக்கும் பாவனை விளையாட்டுக்கும் அவர் போதிய இடம் கொடுக்கவில்லை என்ற விமர்சனம் பழையது, அதில் நியாயம் இருக்கிறது. அம்மம்மாவின் கதை இல்லாத குழந்தைப் பருவத்தை எங்களால் நினைக்க முடியாது. இன்னொன்று, ஏழைகளின் தொடர்மாடியில் தொடங்கிய முறை இன்று பல நாடுகளில் காசுள்ளவர்களுக்கான பாடசாலையாகிவிட்டது. மெருகேற்றிய மரப்பொருட்களின் விலையைக் கேட்டால் கிராமத்து முன்பள்ளி ஆசிரியை திரும்பிப் போய்விடுவார்.

ஆனால் மிக முக்கியமான பகுதிக்கு விலை இல்லை. ஒரு சட்டி மண்ணும் ஒரு பிடி பயறும் போதும். ஒரு சட்டிக்குத் தண்ணீர் ஊற்றி இன்னொன்றை விட்டுவிட்டால் நான்கு நாளில் பிள்ளைக்கு விடை தெரியும். சிரட்டை மிதக்கிறது, கல் தாழ்கிறது, அந்தச் சிரட்டைக்குள்ளேயே கல்லை வைத்தால் என்ன நடக்கும்? விடையைச் சொல்லாமல் ஒரு வாளி தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஆசிரியை தள்ளி நின்றால் அது விஞ்ஞானம்.

வடக்கில் இந்த விடயத்துக்கு இன்னொரு கனமும் இருக்கிறது. போருக்குப் பின் ஊர் திரும்பிய பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று, நிலத்தில் தெரியாத பொருளைத் தொடாதே என்பது. கண்ணிவெடி கிடந்த மண்ணில் அந்தப் பாடம் உயிரைக் காத்தது. துப்புரவாக்கப்பட்ட நிலத்திலும் அந்தப் பயம் பெரியவர்களின் குரலில் தங்கிவிட்டது. அந்தத் தலைமுறை இன்று தாய் தந்தையாகி, பிள்ளைகளை முன்பள்ளிக்கு அனுப்புகிறது. மண் ஆபத்து என்று பழகியவர்களின் பிள்ளைகளுக்கு மண் உயிர் தரும் என்று பழக்குவதற்கு, கொப்பியில் எழுதும் எந்த எழுத்தையும்விட ஒரு பயற்றஞ்செடி உதவும்.

இதற்கு முன்பள்ளி ஆசிரியைகளை மட்டும் பொறுப்பாக்க முடியாது. சொற்பச் சம்பளத்தில், புலமைப்பரிசில் பரீட்சை வரை நீளும் ஓட்டத்தின் முதல் வரிசையில் நிற்பவர்கள் அவர்கள். மாற வேண்டியது பெற்றோராகிய நாங்கள் மாலையில் கேட்கும் கேள்வி. இன்றைக்கு என்ன எழுதினாய் என்பதற்குப் பதிலாக, இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஆசிரியைக்கும் வேப்பமரத்தடிக்குப் போகத் துணிவு வரும்.

மரியா மொண்டிசோரி 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தின் கடற்கரையூரான நோர்ட்வைக்கில் காலமானார். அப்போது அவருக்கு எண்பத்தொரு வயது. ஆபிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது பற்றிக் கடைசி நாளிலும் மாரியோவோடு பேசிக்கொண்டிருந்தார் என்று சொல்லப்படுகிறது. அந்த ஊரின் கத்தோலிக்கச் சேமக்காலையிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.